உழவர் ஒருவரின் போரும் வழிவந்தோரின் தேடலும்



1948-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத்தில், எல்லிஸ்வில் என்னும் சிற்றூரின் நீதிமன்றத்தில் இளைஞர் ஒருவர் குற்றஞ்சாட்டப்பெற்று நின்றார். அவர் பெயர் டேவிஸ் நைட். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணிபுரிந்து ஊர் திரும்பியவர். அவர் திருடவில்லை, எவரையும் தாக்கவுமில்லை. 1946-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவர் ஒரு வெள்ளையினப் பெண்ணை மணந்துகொண்டார். அதுவே குற்றம். அவரும் பார்வைக்கு வெள்ளையராகவே இருந்தார். ஆயினும் 1890-ஆம் ஆண்டின் மிசிசிப்பி அரசியலமைப்பு, எவருடைய உடலில் எட்டில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கறுப்பினக் குருதி ஓடுகிறதோ அவர் வெள்ளையரை மணத்தல் செல்லாது என்று வகுத்திருந்தது. எட்டில் ஒரு பங்கு என்றால் என்ன? பெற்றோர் தலைமுறையில் இருவர், பாட்டன் பாட்டி தலைமுறையில் நால்வர், அதற்கும் மேலே எண்மர். அந்த எண்மருள் ஒருவர் முழுமையாகக் கறுப்பினத்தவராயின் கணக்கு நிறைந்துவிடும். ஆகவே அன்றைய நீதிமன்றம் இளைஞரை விட்டுவிட்டு, 59 ஆண்டுகளுக்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்ட அவருடைய கொள்ளுப்பாட்டி ஒருத்தியை ஆராயத் தொடங்கியது. அவள் நிறம் என்ன? தலைமயிர் சுருண்டிருந்ததா, நீண்டிருந்ததா? அவள் ஆப்பிரிக்க வழியினளா, செவ்விந்தியக் கலப்புடையவளா? முதியோர் பலர் சாட்சிக் கூண்டேறித் தம் நினைவுகளைத் துழாவினர்.

முன்னோரைத் தேடுதல் ஓய்வுபெற்றோரின் பொழுதுபோக்கு என்றும், குடும்பப் பெருமைக்கு மெருகேற்றும் வேலை என்றும் கருதுவோர் உளர். எல்லிஸ்வில் நீதிமன்றத்தில் அது ஓர் இளைஞரின் ஐந்தாண்டுச் சிறைவாழ்வை முடிவு செய்யும் வேலையாக இருந்தது. அந்தக் கொள்ளுப்பாட்டியின் பெயர் ரேச்சல். அவளோடு எப்போதும் சேர்த்துப் பேசப்பட்டவர், டேவிசின் கொள்ளுப்பாட்டனாகிய நியூட்டன் நைட். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்குகொண்ட ஒரு சிற்றுழவர் அவர். அவர் எந்தப் பக்கத்தில் நின்று போரிட்டார், எதற்காகப் போரிட்டார் என்னும் வினாக்களுக்கு அவர் வழிவந்தோர் எழுதிய விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அப்பொருந்தாமையே இவ்வுரையின் பொருள்.

ஓர் உழவரின் வாழ்வைத் தேடுவோர்க்கு முதற்கண் எதிர்ப்படும் தடை, உழவர் எழுதிவைப்பதில்லை என்பது. படைத்தலைவர்கள் நாட்குறிப்பு எழுதினர். தோட்ட முதலாளிகள் கணக்கேடுகளும் கடிதங்களும் விட்டுச்சென்றனர். ஏர் பிடித்தவனைப் பற்றிய எழுத்து, பிறர் அவனிடமிருந்து எதையேனும் பெறவந்தபோது எழுதிக்கொண்டதேயாகும். வரி கேட்டவன் எழுதினான். ஆள் கேட்டவன் எழுதினான். பத்தாண்டுக்கு ஒருமுறை தலை எண்ண வந்தவன் எழுதினான். பிறந்த ஆண்டு கூட உறுதியில்லை. நியூட்டன் 1830-இல் பிறந்தார் என்று அவர் மகனே எழுதினார். 1900-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கோ 1837 நவம்பர் என்கிறது. முந்தைய கணக்கெடுப்புகளோடு இயைந்து வருவதால் ஆய்வாளர் பலரும் பின்னதையே ஏற்பர். ஏழாண்டு வேறுபாடு சிறிதன்று. போர் தொடங்கிய 1861-இல் அவர் முப்பதைக் கடந்த முதிர்ந்த குடும்பத்தலைவரா, இருபத்து மூன்று வயது இளந்தந்தையா என்பது அதைப் பொறுத்தது.

1860-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் பட்டியல்களுள் மூன்று இங்கு இன்றியமையாதன. தேடுவோர் மூன்றையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும். முதலாவது, சுதந்திர மனிதரின் பெயர், வயது, தொழில், சொத்து மதிப்பு ஆகியவற்றைக் காட்டும். இரண்டாவது வேளாண்மைப் பட்டியல். திருத்திய நிலம் எத்தனை ஏக்கர், குதிரை எத்தனை, கறவை எத்தனை, பன்றி எத்தனை, விளைந்த மக்காச்சோளம் எவ்வளவு என்று வரிசையாகச் செல்லும். மூன்றாவது அடிமைப் பட்டியல். அதில் உடைமையாளரின் பெயர் மட்டுமே உண்டு. அவருக்குக் கீழே வயது, பால், நிறம் முதலிய குறிப்புகள் மட்டுமே. பெயர் இல்லை. குதிரைகளின் எண்ணிக்கையைத் தரும் பட்டியலுக்கும் மனிதரின் வயதைத் தரும் இப்பட்டியலுக்கும் உள்ள இடைவெளி மிகவும் சிறிது. நியூட்டனின் பாட்டனார் ஜான் நைட் அடிமைகள் பலரை உடையவராக இருந்தார். ரேச்சல் அக்குடும்பத்தின் அடிமைகளுள் ஒருத்தி. நியூட்டனின் தந்தையாரிடமும் நியூட்டனிடமும் அடிமைகள் இல்லை. ஒரே குடும்பத்தில் இரு தலைமுறைக்குள் நேர்ந்த இந்த வேறுபாடு தற்செயலா, கொள்கையா என்று இன்றும் வாதிடுவர்.

ஜோன்ஸ் மாவட்டத்தின் இயல்பும் இங்கு எண்ணத்தக்கது. மிசிசிப்பி மாநில மக்களுள் நூற்றுக்கு 55 பேர் அடிமைகளாயிருந்த 1860-இல், ஜோன்ஸ் மாவட்டத்தில் அடிமைகள் நூற்றுக்கு 12 பேரே. மாநிலத்திலேயே மிகக் குறைந்த விகிதம் அது. நெடிய ஊசியிலைப் பைன் மரங்கள் அடர்ந்த மணற்பாங்கான நிலம், பருத்திக்கு ஏற்றதன்று. மக்கள் மக்காச்சோளமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பயிரிட்டு, மாட்டையும் பன்றியையும் காட்டில் மேயவிட்டு வாழ்ந்தனர். மாநிலம் ஒன்றியத்திலிருந்து பிரிவதா என்று முடிவு செய்யக் கூடிய பேரவைக்கு, பிரிவினையை எதிர்த்து நின்றவரையே இம்மாவட்டத்தார் தேர்ந்தனுப்பினர். அவரோ அங்குச் சென்று பிரிவினைக்கே வாக்களித்துவிட்டார். 1861 ஜனவரி 9-இல் மிசிசிப்பி பிரிந்தது. ஊரார் அவருடைய கொடும்பாவியை எரித்தனர் என்பர்.

இத்துணை எதிர்ப்புக்கிடையே, நியூட்டன் நைட் 1861 ஜூலையில் கூட்டமைப்புப் படையில் தாமே சேர்ந்தார். இது படைப்பதிவுகளில் உள்ள செய்தி. கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது 1862 ஏப்ரலில்தான். அதற்கு ஒன்பது மாதம் முன்பே அவர் சேர்ந்திருக்கிறார். அவரை ஒன்றியத்தின் பிறவித் தொண்டராகக் காட்ட விரும்புவோர்க்கு இது தொல்லை தரும் ஏடு. 1862 ஜனவரியில் நோயுற்ற தந்தையைக் காண விடுப்பில் வந்தவர், கட்டாயச் சட்டம் வந்தபின் மே மாதத்தில் தம் ஊர்த் தோழரோடு மிசிசிப்பி ஏழாம் காலாட்படைப் பிரிவின் எஃப் அணியில் மீண்டும் சேர்ந்தார். எப்படியும் பிடித்துச் செல்வர். அறியாதவரோடு சாவதினும் அண்டை அயலாரோடு இருப்பது மேல் என்னும் எண்ணமே அன்று பலரைக் கூட்டமாகப் பெயர் கொடுக்க வைத்தது. நோயுற்ற வீரரைப் பேணும் பணியையே கேட்டு வாங்கியதாக அவர் சொல்லிவந்தார் என்று குடும்பத்தார் கூறுவர். முதல் முறை சேர்ந்ததைப் பற்றிக் குடும்பக் கதைகள் பெரும்பாலும் வாய்திறவா. இருபது வயது கடந்த ஓர் இளைஞன் ஊரோடு ஒத்து ஒரு தவறு செய்தான், பின் வருந்தினான் என்று எழுதிவிட்டால் அவன் பெருமை குறைந்துவிடாது. ஆயினும் முன்னோரைப் பற்றி எழுதுவோர்க்கு அந்தத் துணிவு அரிதாகவே வாய்க்கிறது.

1862 அக்டோபரில் இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நேர்ந்தன. மூன்றாம் நான்காம் நாள்களில் கொரிந்த் என்னுமிடத்தில் நடந்த போரில் கூட்டமைப்புப் படை தோற்றது. அடுத்த வாரமே, 20 அடிமைகளையோ அதற்கு மேலோ உடைய தோட்டம் ஒன்றுக்கு வெள்ளையர் ஒருவர் படைப்பணியிலிருந்து விலக்குப் பெறலாம் என்று சட்டம் வந்தது. அடிமைகளை மேற்பார்க்க ஆள் வேண்டுமாம். ஓரடிமையும் இல்லாதவனுடைய வயலை மேற்பார்க்க ஆள் வேண்டாமா என்று சட்டம் கேட்கவில்லை. நியூட்டனின் தோழரான ஜாஸ்பர் காலின்ஸ், இது செல்வர் தொடுத்த போர், ஏழையர் சாகும் போர் என்று சொல்லிப் படையைவிட்டு வெளியேறினார். அதே வேளையில் ஊரிலிருந்து வந்த செய்தி, படைக்காகக் குதிரைகளைப் பிடித்துச் செல்கின்றனர் என்பது. ஏர் இழுக்கும் குதிரை போனால் அடுத்த வைகாசிக்குச் சோளம் இல்லை. நவம்பரில் நியூட்டன் படையை நீங்கி, கால்நடையாகவே ஊர் வந்து சேர்ந்தார்.

படையைவிட்டு ஓடியவன் என்று ஒரு சொல்லில் இதனைத் தீர்த்துவிடலாம். ஆனால் அன்றைய தென்மாநிலச் சிற்றுழவரின் வீட்டுக் கணக்கை நோக்கினால் அச்சொல் போதாது. ஆண்கள் போரில் இருந்தனர்; பெண்களும் சிறாருமே உழுதனர். 1863 ஏப்ரலில் கூட்டமைப்பு அரசு விளைபொருளில் பத்தில் ஒரு பங்கை வரியாகப் பெறச் சட்டம் இயற்றியது. சோளக்கதிரும் உப்பிட்ட பன்றியிறைச்சியும் வண்டியேறின. படைக்குப் போன கணவனுக்குச் சம்பளம் காகிதப் பணமாக வந்தது; அதுவும் காலந்தாழ்ந்தே வந்தது; வந்த பணத்திற்கு மதிப்பும் நாளுக்கு நாள் குறைந்தது. இந்நிலையில் படையைவிட்டு வந்தவரெல்லாம் கோழைகள் என்றால், பிள்ளைகளின் பசியைப் பொருட்படுத்தாமல் நின்றவரே வீரர் என்றாகிவிடும்.

1863-இன் தொடக்கத்தில் அவர் பிடிபட்டுத் துன்புறுத்தப்பட்டார் என்று தெரிகிறது. ஜூலை 4-இல் விக்ஸ்பர்க் கோட்டை வீழ்ந்தபின் ஜோன்ஸ் மாவட்டத்திற்குத் திரும்பியோர் தொகை பெருகியது. அவர்களைப் பிடிக்க வந்த மேஜர் ஏமஸ் மெக்லமோர், அக்டோபர் 5-ஆம் நாள் இரவு எல்லிஸ்வில்லில் ஏமஸ் டீசன் என்பவரின் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் நியூட்டன் என்றே ஊர் நம்பியது. அவ்வீடு இன்றும் நிற்கிறது. எட்டு நாள் கழித்து, அக்டோபர் 13-இல், உழவர்கள் ஓரணியாகக் கூடி நியூட்டனைத் தலைவராகத் தேர்ந்தனர். அதுவே நைட் அணி. லீஃப் ஆற்றின் சதுப்புக் காடுகள் அவர்களுக்கு அரணாயின. கொம்பூதிச் செய்தி பரிமாறினர். பகலில் சிலர் காவல் நிற்க, எஞ்சியோர் ஒருவர் வயலில் ஒருவராக மாறி மாறி உழுதனர்.

காட்டிலிருந்தோர்க்கு உணவும் செய்தியும் கொண்டுசென்றோர் பெண்கள். அவர்களுள் ரேச்சலும் ஒருத்தி. மோப்ப நாய்களை ஏமாற்ற வழியெங்கும் மிளகாய்ப் பொடி தூவும் உபாயத்தை அவளே கற்பித்தாள் என்பது குடும்பக் கதை. கதையை ஏற்பவரும் மறுப்பவரும், நியூட்டனை விரும்புவோரும் வெறுப்போரும், அவள் அக்காட்டுக்கு வந்துபோனதை மட்டும் ஒருமுகமாகச் சொல்கின்றனர்.

பால்டிங் என்னுமிடத்தில் வரியாகப் பெற்றுக் குவித்திருந்த சோளத்தை அவ்வணியார் ஐந்து வண்டிகளில் ஏற்றிவந்து ஊராருக்கே பகிர்ந்தளித்தனர். ஆநிரை மீட்டு மாண்டோர்க்குக் கல் நட்ட மரபில் வந்த தமிழர்க்கு இச்செயல் புதிதாகத் தோன்றாது. கவர்ந்தவனுக்கும் மீட்டவனுக்கும் இருவேறு திணைப்பெயர் தந்த இலக்கணம் நம்முடையது. கூட்டமைப்புத் தளபதி லியோனிடாஸ் போல்க்கின் கண்ணுக்கு அது கொள்ளை. ஜோன்ஸ் மாவட்டம் வெளிப்படையான கிளர்ச்சியில் இருக்கிறது என்று அவர் 1864-இல் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் டேவிசுக்கு எழுதினார். ஏப்ரலில் கர்னல் ராபர்ட் லௌரியின் படை வேட்டை நாய்களோடு வந்தது. பத்துப் பேர் தூக்கிலிடப்பட்டனர். அவருள் நியூட்டனின் உறவினரும் உண்டு. எஞ்சியோருள் பலர் பிடிபட்டு மீண்டும் படைக்கு அனுப்பப்பட்டனர், நியூட்டன் அகப்படவில்லை. இந்த லௌரி பின்னாளில் 1882 முதல் 1890 வரை மிசிசிப்பியின் ஆளுநராக வீற்றிருந்தார் என்பதை மறத்தலாகாது. தூக்கிலிடப்பட்டோரின் பிள்ளைகள் அவருடைய ஆட்சியில் வரி செலுத்தினர்.

ஜோன்ஸ் மாவட்டம் தனிநாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது என்னும் கதை அப்போதே செய்தித்தாள்களில் பரவிற்று, இன்றும் பரவுகிறது. அத்தகைய அறிவிப்பு ஏதும் ஏட்டில் கிடைக்கவில்லை. கதை சுவையானது, ஆயினும் அதனை ஒதுக்கிவைத்தாலும் நடந்தவற்றின் கனம் குறையவில்லை.

போர் முடிந்த பின்னரே நியூட்டனின் வாழ்வு எழுத்தில் மிகுதியாக இடம்பெறுகிறது. 1865-இல் ஒன்றியப் படை, வறியோர்க்கு உணவு வழங்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. 1875-இல் ஆளுநர் அடெல்பர்ட் ஏம்ஸ், கறுப்பின வீரர்களைக் கொண்ட ஜாஸ்பர் மாவட்டக் காவற்படைக்கு அவரைக் கர்னலாக அமர்த்தினார். அடுத்த ஆண்டே ஏம்ஸ் பதவி விலக நேர்ந்தது. வெள்ளையர் மேலாதிக்கம் மீண்டது. அதன்பின் நியூட்டன் தம் பண்ணையோடு ஒதுங்கினார். ஆனால் ஒன்றில் மட்டும் விடாப்பிடியாக இருந்தார். தாமும் தம் அணியினரும் ஒன்றியத்திற்காகவே போரிட்டோம், ஆதலின் ஊதியம் வேண்டும் என்று 1870-இல் அமெரிக்கக் காங்கிரசுக்கு விண்ணப்பித்தார். அணியினரின் பெயர்ப்பட்டியலும் உள்ளூர்ப் பெரியோரின் உறுதிமொழிகளும் இணைக்கப்பட்டன. ஏற்கப்படவில்லை. மீண்டும் விண்ணப்பித்தார். வழக்கு உரிமைக்கோரல் நீதிமன்றத்திற்குச் சென்றது; முதியவராகிவிட்ட பழைய தோழர்கள் சாட்சியம் அளித்தனர். அந்த அணி ஒன்றியப் படைப்பணிக்கென அமைக்கப்பட்டது என்பதற்குச் சான்று போதாது என்று 1900-இல் முடிவாயிற்று. முப்பதாண்டு முயற்சி அது.

அரசின் தீர்ப்பில் சட்ட நுணுக்கம் இருக்கலாம். எவரும் அவர்களை முறைப்படி படையிற் சேர்க்கவில்லை. ஆணை கொடுத்தவரும் இல்லை. ஆனால் தேடுவோர்க்கு அந்தத் தோல்வி பெருஞ்செல்வம். ஊதியம் உடனே கிடைத்திருந்தால் ஒரு பக்க ஆணையோடு கோப்பு முடிந்திருக்கும். மறுக்கப்பட்டதால், மறுத்துக் கேட்டதால், இன்று வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அவர்தம் சொற்கள் தங்கியிருக்கின்றன. உழவர் எழுதிவைப்பதில்லை என்று முன்னர்க் கூறப்பட்டது. நியாயம் கேட்கும்போது மட்டும் எழுதுவிக்கிறார்கள்.

ரேச்சலைப் பற்றி அத்தகைய கோப்பு இல்லை. 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் விடுதலை பெற்ற மக்கள் முதன்முறையாகத் தத்தம் பெயரோடு எழுதப்பட்டனர். அவள் 1889-இல் இறந்தாள். நியூட்டன் மனைவி செரீனாவோடும் ரேச்சலோடும் மக்களைப் பெற்று வாழ்ந்தார். 1876-இல் 160 ஏக்கர் நிலத்தை ரேச்சலின் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். அக்கால மிசிசிப்பியில் கறுப்பினப் பெண்ணொருத்தி நிலவுடைமையாளராதல் மிக அரிது. செரீனாவின் மகனும் மகளும் ரேச்சலின் மகளையும் மகனையும் மணந்தனர். இவ்வாறு கிளைத்த குடும்பத்தை வெள்ளையரும் தம்மவர் என்னவில்லை. கறுப்பினத்தவரும் முழுமையாகத் தம்மவர் என்னவில்லை. செரீனாவை எண்ணாமல் இப்பகுதியைக் கடத்தல் முறையன்று. ஒன்பது மக்களைப் பெற்று, போர்க்காலத்தில் தனியே குடும்பம் காத்த அப்பெண் முதுமையில் கணவரைப் பிரிந்து மகள் வீட்டில் வாழ்ந்தாள். அவள் மனத்தை எவரும் கேட்டெழுதவில்லை.

நியூட்டன் 1922 பிப்ரவரி 16-இல் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, நியூ ஆர்லியன்ஸ் நகரிலிருந்து செய்தியாளர் ஒருவர் தேடிவந்து அவரோடு உரையாடிச் சென்றிருந்தார். அவர் மறைவுக்குப் பின் தொடங்கியது வழிவந்தோரின் தேடல்.

மகன் டாம் நைட் 1935-இல் தந்தையின் வரலாற்றை நூலாக்கினார். அதில் நியூட்டன் ஏழை பங்காளர், அறங்காத்த தலைவர். ஆனால் ரேச்சலுக்கும் தந்தைக்கும் இருந்த உறவு பற்றி அந்நூல் மௌனம் சாதிக்கிறது. உடன்பிறந்தாரின் திருமணங்களும் அதில் உரிய இடம் பெறவில்லை. தந்தையைப் போற்ற வேண்டும். தம் பிள்ளைகள் வெள்ளையராகவே வாழவும் வேண்டும். இரண்டையும் ஒருசேரக் காக்க, பாதி வாழ்வை மறைப்பதைத் தவிர அவருக்கு வழி தோன்றவில்லை போலும்.

அதே டாம்தான் 1948-இல், மிக முதிர்ந்த வயதில், டேவிசுக்கு எதிரான வழக்கில் சாட்சியாக வந்தார். நூலில் மறைத்ததை நீதிமன்றத்தில் சொன்னார். ரேச்சல் கறுப்பினத்தவளே என்றார். பிறர், அவள் கலப்பினத்தவள், செவ்விந்தியச் சாயல் உடையவள் என்றனர். எவரிடமும் தாள் இல்லை. அடிமைப் பட்டியல் பெயரையே எழுதாதபோது அவள் தாய் யார், தந்தை யார் என்பதற்குச் சான்று எங்கிருந்து வரும்? கீழ்நீதிமன்றம் டேவிசுக்கு ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 1949 நவம்பரில் மிசிசிப்பி உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. சட்டம் தவறென்று அது கூறவில்லை. எட்டில் ஒரு பங்கு என்பது ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்றே கூறியது. அத்தகைய சட்டங்கள் நாடெங்கும் செல்லாதனவாக 1967-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரேச்சலை மனிதராகக் கருதாமல் அவள் பெயரை எழுதாது விட்டனர்; அந்தப் பெயரின்மையே அவள் கொள்ளுப்பேரனைச் சிறையிலிருந்து காத்தது. இதனை வரலாற்றின் கருணை என்று சொல்ல மனம் வரவில்லை.

இரண்டாண்டுக்குள், 1951-இல், நியூட்டனுக்கு உறவுமுறையில் பேத்தியாகும் ஈதல் நைட் மற்றொரு நூலை வெளியிட்டார். நியூட்டன் ஊதிய கறுப்புக் கொம்பின் எதிரொலி என்பது அதன் தலைப்பின் பொருள். அதில் நியூட்டன் துரோகி, கொலைகாரர். அவர் கெட்டதற்கு ரேச்சலே காரணம். டாம் மறைத்ததை ஈதல் மறைக்கவில்லை என்பது உண்மை. ரேச்சலின் கதை அச்சில் விரிவாக வந்ததும் அவரால்தான். ஆனால் பழிக்கும் பொருட்டே அதனை வெளிக்கொணர்ந்தார். புகழ்ந்தவர் மறைத்தார், இகழ்ந்தவர் வெளியிட்டார். பின்வந்த ஆய்வாளர் இருவர் நூலையும் ஒன்றை ஒன்றால் திருத்திப் படிக்க வேண்டியதாயிற்று. 2001-இல் பேராசிரியை விக்டோரியா பைனம் எழுதிய ஆய்வு நூல் அப்பணியைச் செய்தது. அவருடைய தந்தையும் ஜோன்ஸ் மாவட்டத்தில் பிறந்தவரே. கணக்கெடுப்பு, நிலப்பத்திரம், நீதிமன்றக் கோப்பு, தேவாலயப் பதிவு ஆகியவற்றோடு, இரு நிறத்து நைட் குடும்பங்களின் வாய்மொழியையும் அவர் சேர்த்துக் கேட்டார். அதற்கு முன் எழுதியோர் ரேச்சலின் வழிவந்தோரிடம் பெரும்பாலும் கேட்டதேயில்லை. 2016-இல் இக்கதை திரைப்படமாகவும் வந்தது.

முன்னோரைத் தேடுவோர் அனைவரும் ஏதோ ஓர் ஆசையோடு தொடங்குகின்றனர். வீரர் கிடைக்க வேண்டும் என்பது ஒருவர் ஆசை. களங்கம் வேறு கிளையில் இருக்க வேண்டும் என்பது மற்றொருவர் ஆசை. ஏடுகள் இருவர்க்கும் முழுமையாக இணங்குவதில்லை. 1861-இல் தாமே படையிற் சேர்ந்த நியூட்டனும், 1863-இல் அப்படையை எதிர்த்து நின்ற நியூட்டனும் ஒருவரே. ஊராருக்குச் சோளம் பகிர்ந்தவரும், செரீனாவைத் துயரில் ஆழ்த்தியவரும் ஒருவரே. இவற்றுள் ஒன்றை எடுத்து மற்றதை விடும் உரிமை வழிவந்தோர்க்கு இல்லை.

பண்ணையை அடுத்த மேட்டில், பைன் மரங்களுக்கிடையே அவர் கல்லறை உள்ளது. தம்மை எங்கே, எவ்வாறு அடக்கம் செய்ய வேண்டும் என்று அவரே சொல்லிவைத்திருந்தார். அதன்படி, முப்பத்து மூன்று ஆண்டுகள் முன்பு மறைந்த ரேச்சலின் அருகிலேயே அவரைப் புதைத்தனர். பிறர்க்கென வாழ்ந்தார் என்னும் பொருள்பட ஒரு வரி கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. வாஷிங்டன் காப்பகத்தில் இருக்கும் கோப்பிலோ, அவர் நினைவிலிருந்து சொல்லி எழுதுவித்த அணியினர் பெயர்கள் உள்ளன. தூக்கிலிடப்பட்டோரையும் அவர் விட்டுவிடவில்லை. ரேச்சலின் பெயர் அப்பட்டியலில் இல்லை.